ஆணி அடிக்காமல் ஒரு ஸ்மார்ட் வீடு

ஸ்மார்ட் ஹோம் வீடியோக்களில் வருகிற வீடுகள் எல்லாமே சொந்த வீடுகள். ஃபால்ஸ் சீலிங் போடும்போதே ஒயர் இழுத்துவிடுகிறார்கள், சுவரைக் கொத்தி டச் பேனல் பதிக்கிறார்கள், கடைசியில் யாரோ கை தட்ட, திரைச்சீலை தானாக விலகுகிறது. எங்கள் வீட்டில் பலமாகக் கை தட்டினால் கீழ் வீட்டு ஓனர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து “என்னம்மா சத்தம்?” என்று கேட்பார்.

ஆதம்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் முதல் மாடி எங்களுடையது. கீழே ஓனர் சாரும் அவர் மனைவியும். மேலே நான், கணவர், அத்தை. 90களின் கடைசியில் கட்டிய வீடு. கரண்ட் மீட்டர் எங்களுக்குத் தனி, சம்ப்பும் மோட்டாரும் பொது. எனக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் விடிகாலை மூன்றரைக்கு மூடுவேன். ஊர் எழுந்து பால் காய்ச்சும் நேரத்தில் நான் தூங்கப் போகிறேன். இந்த வீட்டில் நான் மாட்டியவை பெரும்பாலும் என் தூக்கத்தையும் அத்தையின் தூக்கத்தையும் காப்பாற்றத்தான்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் சொல்கிறது. சென்னையில் பாதிப் பேர் அந்த ‘ஆனால்’ உள்ளேதான் குடியிருக்கிறோம். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை எப்படியும் போய்விடும். அதற்கு மேல் சுவரில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனை பேச்சு. இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பும் சாது இல்லை. டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டி உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து கையோடு வரும். அதனால் நான் எதையும் சுவரில் ஒட்டுவதில்லை. கதவு நிலை, டைல்ஸ், பீரோ, ஃபிரிட்ஜ், இவற்றின் மேல்தான்.

எல்லோரும் முதலில் வாங்கச் சொல்வது ஸ்மார்ட் பல்பு. ஐந்நூறு அறுநூறு ரூபாய், ஹோல்டரில் திருகினால் வேலை முடிந்தது, காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் வாடகை வீட்டுக்கென்றே செய்தது போலத்தான் தெரியும். ஆனால் ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருக்க வேண்டும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் அது வெறும் கண்ணாடி உருண்டை. ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒரு அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பது என் அத்தைக்கு ஐம்பது வருடப் பழக்கம். வேலைக்கு வரும் அக்காவுக்கும் அப்படித்தான். ‘அந்த சுவிட்சைத் தொடாதீங்க’ என்று சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களிடம் போய், உங்கள் வீட்டில் நீங்கள் லைட் போடக் கூடாது என்று சொல்வதற்கு அது சமம். அத்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. ஆக பல்பு வேண்டாம், சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே மாட்யூல்தான் என்று முடிவு செய்தேன்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு டப்பா அது. ஷெல்லி, சோனாஃப் என்று பல கம்பெனிகள் விற்கின்றன. சுவிட்ச் போர்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். அதன் ஒயர்கள் ரிலேவில் சுவிட்சுக்கென்று இருக்கும் முனைகளுக்குப் போகும். சுவிட்சைத் தட்டினாலும் எரியும், போனில் தொட்டாலும் எரியும். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு வித்தியாசமே தெரியாது. காலி செய்யும்போது ரிலேவை எடுத்துவிட்டு ஒயரைப் பழையபடி மாட்டினால் ஓனருக்கும் தெரியாது. தெரியாது என்றாலும் நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், அது வேறு.

இதைச் செய்துகொடுத்தது அப்பா. விழுப்புரத்தில் மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் நான் விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “போர்டுல நியூட்ரல் இருக்கா பாப்பா?”

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வாடகை வீடுகளின் ஸ்மார்ட் கனவு முடிந்துபோகிறது. கரண்ட் வரும் ஒயர் பேஸ், திரும்பிப் போகும் ஒயர் நியூட்ரல். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையே இல்லை. பேஸ் ஒயரை வெட்டிச் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் ரிலே மாட்யூலுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. லைட் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து வைஃபை பேச வேண்டும், அதற்கு பேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். போர்டில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் அநேகமாக நியூட்ரல் இருக்கும், இல்லாவிட்டால் அந்த பிளக் எப்படி வேலை செய்யும் என்பது அப்பாவின் கணக்கு. ஹால் போர்டிலும் பெரிய பெட்ரூம் போர்டிலும் பிளக் இருந்தது. கட்டில் பக்கத்தில் இருக்கும் டூ-வே சுவிட்சில் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடுவது) நியூட்ரல் இல்லை, அதைத் தொடவில்லை.

அப்பா ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தார். பையில் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், கூடவே அவருடைய டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், அதில் சாதாரண குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். எங்களிடம் டெஸ்டர் இருக்கிறதே என்றேன். டெஸ்டரை அவர் நம்பமாட்டார். பக்கத்து ஒயரிலிருந்து சும்மா தூண்டப்பட்டு வரும் மின்னழுத்தத்துக்கும் அதற்குள் இருக்கும் நியான் விளக்கு மினுமினுக்கும், உண்மையான பேஸுக்கும் மினுமினுக்கும். டெஸ்ட் லேம்ப் அப்படி ஏமாறாது. நிஜமாகவே கரண்ட் ஓடினால்தான் எரியும்.

மெயினை இறக்கிவிட்டு நான் போர்டைத் திறக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்வெர்ட்டர் இருக்கில்ல? மெயினை இறக்கினா அது என்ன பண்ணும்?”

கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கும், அதுதான் அதன் வேலை. இன்வெர்ட்டர் லைன் உள்ள வீட்டில் மெயினை மட்டும் இறக்கிவிட்டு போர்டைத் திறப்பவர்களை அப்பா தன் வேலைக்காலத்தில் நிறைய பார்த்திருக்கிறார். சிலரைப் பற்றி அதற்கு மேல் சொல்லவில்லை. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட்டையும் பிடுங்கி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருகாணியில் கை வைத்தார். அதற்கு முன் போனில் போட்டோ எடுக்கச் சொன்னார், எந்த ஒயர் எங்கே என்று. வாடகை வீட்டில் அந்தப் போட்டோதான் திரும்பப் போகும் வழி. வீட்டில் ஒயர்மேன் அப்பா இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிசியனைக் கூப்பிட்டுவிடுங்கள், வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

ஹால் போர்டின் பின்னால் இரும்புப் பெட்டி பதித்திருந்தார்கள். இரும்புக்குள் வைஃபை சரியாகப் போகாது. ரிலேவின் ஆன்டெனா பக்கம் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் பிளேட்டை நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தார். சிக்னல் போதுமான அளவு வந்துவிட்டது.

அப்போதுதான் அத்தை ஒரு விஷயத்தைச் சொன்னார். பாத்ரூம் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் ராத்திரியில் லேசாக மினுங்குகிறதாம், பேய் மாதிரி. நான் அதைப் பல்பின் குறை என்று விட்டிருந்தேன். அப்பா டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு போனார். யாரோ எந்தக் காலத்திலோ அந்த சுவிட்சை பேஸில் மாட்டாமல் நியூட்ரலில் மாட்டியிருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டே இருந்தது. பழைய குண்டு பல்பாக இருந்தால் அந்தத் துளிக் கசிவில் ஒன்றும் தெரிந்திருக்காது, எல்.இ.டி.க்கு மினுங்க அதுவே போதும். ஈரக் கையோடு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுகிற அறை அது. அப்பா ஒயரை மாற்றி மாட்டிவிட்டு நேராகக் கீழே போய் ஓனர் சாரிடம் சொன்னார். அவர் வீட்டிலும் பார்த்தார்கள், அங்கேயும் ஒரு சுவிட்ச் அப்படித்தான் இருந்தது. ரிலே வாங்கிய செலவுக்கு இது ஒன்றே போதும் என்று நான் சொல்வேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழேயிருந்து கேசரி வந்தது. பின்னால் மோட்டார் கதைக்கு இந்தக் கேசரி முக்கியம்.

சென்னையில் இதையெல்லாம் வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு அமைப்பு இருக்கிறது. கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் ரிலேவோ பல்போ என்ன நிலையில் எழ வேண்டும் என்பது. பல பல்புகள் கடையிலிருந்து வரும்போதே ‘கரண்ட் வந்தால் முழு வெளிச்சத்தில் எரி’ என்ற அமைப்போடு வருகின்றன. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் இரண்டே காலுக்கு வந்தால் வீடு முழுக்கக் கல்யாண மண்டபம் போல் எரியும். ஆப்பில் ஒவ்வொன்றாகப் போய் ‘அணைந்த நிலை’ அல்லது ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றிவிட வேண்டும். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து ஆப் எழுதுகிறவருக்கு, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்தடை என்று பேப்பரில் போடுகிற ஊர் ஒன்று இருப்பது எங்கே தெரியப் போகிறது!

ஏ.சி.க்கு ஒரு ஐ.ஆர். பிளாஸ்டர். உள்ளங்கை அளவு, பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது, ரிமோட் செய்கிற வேலையையே செய்கிறது. அதன் குறை, ஒருவழிப் பேச்சு. அது கட்டளையை வீசுகிறது, ஏ.சி. கேட்டதா என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஏ.சி. ரிமோட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு பட்டன் அழுத்தலிலும் ‘ஆன், கூல், 26, மெல்லிய காற்று’ என்று முழு நிலையையும் சேர்த்தே அனுப்பும். இரண்டு தடவை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. செட்-டாப் பாக்ஸ் ரிமோட் பெரும்பாலும் அப்படி இல்லை, ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே சிக்னல். ஏற்கெனவே அணைந்திருப்பதை அணைக்கச் சொன்னால் அலறிக்கொண்டு எழும். அதனால் டி.வி.யை இதில் சேர்க்கவில்லை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வர வேண்டும் என்பது விதி. எங்கள் ஏ.சி. அதற்கு முந்தையது, கடைசியாக வைத்த 18ஐ ஞாபகம் வைத்திருக்கும். இப்போது விடிகாலை நாலு மணிக்கு 26க்குப் போய், ஏழு மணிக்கு அணைந்து, ஃபேன் மட்டும் ஓடுகிறது. நான் எழுந்திருப்பதில்லை. குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் என்பதால் முழு வேகத்திலேயே முப்பது வாட்டுக்குள்தான், பழைய ஃபேன் எழுபத்தைந்து தின்னும்.

இந்த யூனிட் கணக்கு ஏன் என்றால், மின்வாரியத்தின் படிக்கட்டு அப்படி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு அட்டவணை, அதைத் தாண்டினால் வேறு அட்டவணை. 2022 செப்டம்பரில் வந்த விலையை எடுத்துக்கொண்டால், 500க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய். தாண்டியவருக்கு அதே நூறு யூனிட்டுக்கு 4.50. அந்த விலையில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதனால் ஏ.சி.யின் 16 ஆம்பியர் பிளக்கில் யூனிட் காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்று மாட்டியிருக்கிறேன். ஃபிரிட்ஜுக்குச் சாதாரண 6 ஆம்பியர் ஒன்று. இரண்டையும் கூட்டி, கீழே மீட்டரையும் ஒரு பார்வை பார்த்தால், ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். மே மாதத்தில் தாண்டித்தான் போகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மற்ற மாதங்களில் கட்டுக்குள் நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டு ஏ.சி.யையோ கீசரையோ மாட்டாதீர்கள். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், பிளக் உருகி நாற்றம் அடிக்கும்.

கீசரை நான் ஸ்மார்ட் ஆக்கவில்லை. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55க்குச் சூடாக்க அரை யூனிட்கூட ஆகாது. சென்னையில் வருடத்தில் இரண்டு மாதம் போடுவோம். மற்ற மாதங்களில் மொட்டை மாடித் தொட்டியே கீசர்தான்.

தொட்டி என்றதும் மோட்டார். ஓனர் சார் காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவார். போட்டுவிட்டு பேப்பர் படிப்பார், பால் வாங்குவார், பக்கத்து வீட்டுக்காரரோடு அரசியல் பேசுவார். தொட்டி நிரம்பி வழிந்து என் பெட்ரூம் சன்ஷேடில் மடமடவென்று கொட்டும். நான் தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னலைத் திறந்து “சார், மோட்டார்!” என்று கத்துவது என் தினசரி சுப்ரபாதம். தொட்டி மட்டத்தைப் பார்த்துத் தானாக நிறுத்தும் பெட்டி கடைகளில் எப்போதோ வந்துவிட்டது. அதற்குத் தொட்டியிலிருந்து கீழே வரை ஒயர் இழுக்க வேண்டும், மோட்டார் அவருடையது, செலவு யாருடையது என்ற கேள்வியில் பேச்சு நின்றிருந்தது. கேசரிக்குப் பிறகு கதவு திறந்தது.

அப்பா ஒயர் எதுவும் இழுக்கவில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி காலியிலிருந்து நிரம்ப அந்த மோட்டாருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டார். ரிலே ஆப்பில் ‘இன்ச்சிங்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஆன் ஆனால் இத்தனை நிமிடத்தில் தானே ஆஃப் ஆகிவிடும். ஆனால் ரிலேவை மோட்டாரில் நேரடியாக மாட்டக் கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும். புறப்படும் கணத்தில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த உதையில் ரிலேவின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு போனில் எத்தனை தடவை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர். ரிலே கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், மோட்டாரின் சுமையைத் தாங்குவது கான்டாக்டர். கான்டாக்டரும் பெட்டியும் ஓனர் காசு, ரிலே என்னுடையது.

அதில் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மோட்டார் தானாக நின்ற பிறகு சுவரில் இருக்கும் சுவிட்ச் ‘ஆன்’ பக்கமே சாய்ந்து நிற்கும். ஓனர் சார் அதைப் பார்த்து மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து அணைப்பார், ரிலே அதைப் புதுத் தட்டலாக எடுத்துக்கொண்டு மறுபடி மோட்டாரைப் போட்டுவிடும். அப்பா அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒரு காலிங் பெல் சுவிட்ச் வைத்தார். அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், ஒன்றும் செய்யாவிட்டால் தானே நிற்கும். மோட்டார் ஓடும்போது எரிய ஒரு சிவப்பு விளக்கு. போன், ஆப், வைஃபை எதுவும் ஓனர் சாருக்குத் தெரிய வேண்டியதில்லை. ரிலேவின் டைமர் அதன் உள்ளேயே ஓடுகிறது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நிற்கும்.

சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் கெட்டுப்போகும். அதற்கு இந்த டைமர் உதவாது. அதற்காக ஓனர் சார் இப்போதும் சம்ப் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறார். சன்ஷேடில் தண்ணீர் கொட்டுவது நின்றுவிட்டது. “இப்பல்லாம் கரெக்டா நிறுத்திடறேன் பாத்தியாம்மா” என்கிறார் ஓனர் சார். ஆமாம் சார் என்றேன்.

வாய்ஸ் அசிஸ்டன்ட் பற்றிக் கேட்பீர்கள். கணவர் ஆசைப்பட்டு எக்கோ ஸ்பீக்கர் வாங்கினார். அதில் இருக்கும் அலெக்ஸா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பேசும், தமிழ் பேசாது. ஆனால் நம் வீட்டில் ஹால் ஹால்தான், ஃபேன் ஃபேன்தான். “அலெக்ஸா, ஹால் லைட் ஆஃப்” என்று அத்தை சொன்னால் ஒழுங்காக அணைகிறது. பூஜை அறை விளக்குதான் தகராறு. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அத்தை சொல்வதை அது என்னவென்று கேட்டுக்கொள்கிறது என்று ஆப்பின் குரல் வரலாற்றில் எழுத்தாகவே இருக்கும். அந்த அபத்தமான ஆங்கில வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒரு ரொட்டீனின் (இதைச் சொன்னால் இதைச் செய் என்று ஆப்பில் எழுதிவைப்பது) கட்டளையாக வைத்துவிட்டேன். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் அத்தைக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. “விளக்கு போட எதுக்கும்மா ஒருத்திய கூப்பிட்டு வேலை வாங்கணும்?” என்பார். சஷ்டி கவசம் போடச் சொல்ல மட்டும் கூப்பிடுகிறார்.

அவருக்குப் பிடித்தது ஜிக்பீ என்ற குறைந்த மின்சார வயர்லெஸ்ஸில் பேசும் பட்டன். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, உள்ளே வட்ட பேட்டரி, ஒயர் கிடையாது. கட்டில் சட்டத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரு தட்டு விளக்கு, இரண்டு தட்டு ஃபேன், நீளமாக அழுத்தினால் என் போன் அடிக்கும். முழங்கால் வலியோடு ராத்திரி எழுந்து சுவர் தடவி சுவிட்ச் தேட வேண்டாம். டூ-வே சுவிட்சில் நியூட்ரல் இல்லை என்று சொன்னேனே, அந்த இடத்துக்கும் இதுவே தீர்வாகிவிட்டது.

கட்டிலுக்கு அடியில் ஒரு எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் நடமாட்டம் பார்க்கும் சென்சாரும் இருக்கின்றன. காலைக் கீழே வைத்ததும் தரையில் மட்டும் மெல்லிய மஞ்சள் வெளிச்சம் வரும். மே மாதத்தில் திடீரென்று அது சோம்பேறி ஆனது. பேட்டரி மாற்றியும் பயனில்லை. காரணம் வெயில். அந்த சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, உடம்பின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை. அறையே 35 டிகிரியை நெருங்கினால் அதன் கண்ணுக்கு அத்தை சுவரோடு சுவராகிவிடுகிறார். சென்சாரைக் கட்டில் காலுக்குப் பக்கத்தில், பாதத்துக்கு அருகே நகர்த்தி, உணர்திறனைக் கூட்டியதும் சமாளித்துக்கொண்டது. குளிர் நாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்கினால் இதெல்லாம் தெரியாது.

வாங்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் பூட்டு வேண்டாம், கதவைத் துளைக்க வேண்டும், கதவு நம்முடையது இல்லை. வீடியோ டோர்பெல்லும் வேண்டாம். நம் வீட்டுக் காலிங் பெல் 230 வோல்ட். வெளிநாட்டு டோர்பெல்கள் பல அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டில் ஓடுபவை, நேராக மாட்டினால் புகைதான். பேட்டரியில் ஓடுவது கிடைக்கும். ஆனால் எங்கள் வாசல் கேமராவில் ஓனர் வீட்டுப் படியும் விழும், அவர் மனைவி கோலம் போடுவதை நான் எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுவது ஒரு பழைய லேப்டாப். அதில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டிருக்கிறேன், 2013இல் தொடங்கிய இலவச மென்பொருள். வெவ்வேறு கம்பெனிப் பொருள்களை ஒரே இடத்தில் கட்டுகிறது, இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் இயங்குகிறது. லேப்டாப்பின் பேட்டரி அரை மணி தாங்குவதால் தனி யு.பி.எஸ். தேவைப்படவில்லை. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கலாம்தான். பரணில் சும்மா கிடந்ததை விட்டுவிட்டு எதற்கு?

வாடகைக்காரர்களுக்கு ஒரு வைஃபை விஷயம். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும். முதல்முறை இணைக்கும்போது அடம்பிடித்தால் ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒருமுறை வைத்ததை மாற்றவே மாற்றாதீர்கள். வீடு மாறி, கம்பெனி மாறி, ரௌட்டர் மாறினாலும் புது ரௌட்டரில் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் எல்லாச் சாதனங்களும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். முந்தைய வீட்டிலிருந்து வந்தபோது லாரி போன பிறகு அரை மணியில் எல்லாம் இணைந்திருந்தது, கேஸ் கனெக்‌ஷன் மாற்றத்தான் இழுத்தடித்தது.

அடுத்த வருடம் கணவருக்கு ஒரகடம் பக்கம் வேலை மாறும் போலிருக்கிறது, தாம்பரம் தாண்டி வீடு பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். மோட்டார் ரிலேவை என்ன செய்வது என்று ஓனர் சாரிடம் கேட்டேன். விட்டுவிட்டுப் போகச் சொன்னார், வாங்கிய விலையை அட்வான்ஸோடு சேர்த்துத் தருகிறாராம். பெங்களூரில் இருக்கும் அவர் மகள் பொங்கலுக்கு வரும்போது அவள் போனுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஹால், பெட்ரூம் ரிலேக்களைக் கழற்ற அப்பாவுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது. பழைய ஒயரிங் போட்டோக்கள் போனில் தனி ஆல்பமாக இருக்கின்றன.

வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் முதலில் காட்டுவது மாடுலர் கிச்சனை. நான் ஒவ்வொரு அறையிலும் போர்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, இன்வெர்ட்டர் லைன் எந்தெந்த சுவிட்சுக்குப் போகிறது, தொட்டி வழிந்தால் எந்த ஜன்னல் மேல் விழும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பார்த்த வீட்டில் மூன்றாவது கேள்விக்கு ஓனரே பதில் சொன்னார்: “பெட்ரூம் மேலதான் விழும், ஆனா தெனமும் விழாதும்மா.” வாடகை ஆயிரம் குறைத்தால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.